சரளைக் குழிக்கு எந்த நிலம்?

(வில்லியனூர், பாகூர்ப் பகுதி உழவரிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



அரசு அறிவிக்கைகளில் ‘கிராவல் குவாரி’ என்று ஒரு தொடர் வருகின்றது. இரண்டு சொல்லும் தமிழல்ல. ‘கிராவல்’ என்பது சரளை. ‘குவாரி’ என்பது குழி. சரளைக் குழி என்று தமிழில் எழுதிவிட்டால், படிக்கும் உழவனுக்கு உடனே ஒரு வினா எழும்: குழியா? எவன் நிலத்தில்? எவ்வளவு ஆழம்? குவாரி என்றெழுதினாலோ அது ஏதோ அரசு அலுவலகத்துச் செய்தி என்று தாளை மடித்து வைத்துவிடுவான். அயற்சொல் வந்து மறைப்பது தமிழ்ச்சொல்லை மட்டுமன்று, பொருளையும் மறைக்கின்றது. இன்னொரு சொல்லும் உண்டு. 1957ஆம் ஆண்டு நடுவண் கனிமச் சட்டம் கட்டடக் கல், சரளை, களிமண், மணல் ஆகியவற்றைச் ‘சிறு கனிமம்’ என்கின்றது. பொன்னும் இரும்பும் பெரியவை. சோறு விளையும் மண்ணுக்கு அடியில் கிடக்கும் சரளை சிறியது! சிறிது என்று பெயரிட்ட பின் அதற்காகத் தோண்டும் குழியும் சிறிதென்றே எண்ணப்படும் அன்றோ?

சரளை வேண்டா என்று எவரும் சொல்லவில்லை. வீடு வேண்டும், சாலை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேட்டு மண்ணும் சரளையும் சல்லியும் வேண்டும். எங்கே எடுப்பது என்பதே சிக்கல். அவ் வினாவுக்கு விடை காண முதலில் இந்நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதுச்சேரிப் பகுதியின் பரப்பு 293 சதுரக் கிலோமீட்டர். அதுவும் ஒரே பரப்பாக இல்லை. பிரஞ்சியனும் ஆங்கிலனும் சண்டையிட்டுப் பங்கு பிரித்துக்கொண்டதில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றது. இச் சிறு நிலத்துக்குள் இருவகை மண் உண்டு. வடக்கிலும் வடமேற்கிலும் செம்மண் மேடு. நில நூலார் அதனைக் கடலூர் மணற்கல் அடுக்கு என்பர். சரளை இயல்பாகக் கிடக்கும் இடம் அதுவே. தெற்கே, செஞ்சியாறும் தென்பெண்ணையும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். (செஞ்சியாறு என்னும் நல்ல தமிழ்ப்பெயர் இருக்கச் ‘சங்கராபரணி’ என்றும் ‘வராகநதி’ என்றும் பெயர் சூட்டி ஆற்றையே வடமொழியாக்கி விட்டனர், அது தனிக்கதை.) வில்லியனூர்க் கொம்யூன் இவ்விரண்டையும் தனக்குள் வைத்திருக்கின்றது. சேதராப்பட்டும் கரசூரும் அதன் மேட்டுப்புறம்; மங்கலமும் உறுவையாறும் ஆற்றுப்புற நன்செய். பாகூரோ பெரும்பாலும் வண்டலே. புதுவையின் நெற்களஞ்சியம் என்று அதற்குப் பெயர் வந்தது வெறும் புகழ்ச்சியால் அன்று.

பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்தபடி புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி. அதற்கு நீர் வருவது தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக. பங்காரு, சிங்காரு என்னும் உடன்பிறந்த பெண்டிர் இருவர் தம் பொருளைக் கொண்டு அதை வெட்டுவித்தனர் என்பது ஊர் வழக்கு. அணை இருப்பது தமிழ்நாட்டில். ஏரி இருப்பது புதுச்சேரியில். தண்ணீருக்கு எல்லைக்கல் தெரிவதில்லை. இப்படிப் புதுச்சேரிப் பகுதியில் மொத்தம் 84 ஏரிகள் உள்ளன. ஒன்றன் கலிங்கு வழிந்தால் அடுத்ததற்கு நீர். இடையில் ஓரிடத்தில் மண்ணை வெட்டி எடுத்தால் வரிசை முழுதும் கெடும்.

பல்லவன் நிருபதுங்கன் தன் எட்டாம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டில், மூன்று ஊர்களைப் பாகூர்க் கல்விநிலையத்துக்குக் கொடையாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கின்றது. அங்கே கற்பிக்கப்பட்டது வடமொழிக் கல்வி. விளைத்துக் கொடுத்தவன் தமிழ் உழவன்! அக் குறை ஒருபுறம் இருக்க, அச் செப்பேட்டிலிருந்து ஒன்றை உறுதியாக அறியலாம். ஒரு பெரிய கல்விநிலையத்தை மூன்று ஊர் விளைச்சலே தாங்கிற்று; அத்தகைய மண் இது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேலாக உழுதும் ஓயாத மண்ணை, மண்வாரிப் பொறி ஒரு கிழமைக்குள் அள்ளிவிடும். மேல்மண் ஒரு விரற்கடை உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்பது அறிவியல்.

எவ்வளவு மண் வேண்டும் என்பதைக் கணக்கிட்டால்தான் செய்தியின் அளவு விளங்கும். வில்லியனூர்ப் புறத்தையும் பாகூர்ப் புறத்தையும் ஊடறுத்து விழுப்புரம்–புதுச்சேரி–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை போடப்பட்டது. தாழ்ந்த வண்டல் நிலத்தில் சாலை போடவேண்டுமானால் கரை எழுப்பித்தான் போடவேண்டும். முப்பது மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட கரை என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 60,000 கனமீட்டர் மண். நூறு கன அடியை ஒரு ‘யூனிட்’ என்பது வழக்கம். மூன்று யூனிட் ஏற்றும் சரக்குந்து ஏழாயிரம் நடை போகவேண்டும். ஓர் ஏக்கர் நிலத்தை மூன்று மீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் கிடைப்பது 12,000 கனமீட்டரை ஒட்டியதே. ஆக, ஒரு கிலோமீட்டர் சாலைக்கு ஐந்து ஏக்கர். பத்துக் கிலோமீட்டருக்கு ஐம்பது ஏக்கர். மண்ணை இறுக்கிப் போடுவதால் தேவை இன்னும் கூடும். சாலைக்கென்று கையகப்படுத்திய நிலத்துக்குக் கணக்குண்டு, இழப்பீடுண்டு. கரைக்காக எங்கோ பள்ளமான ஐம்பது ஏக்கரை எந்தக் கணக்கிலும் காணமுடியாது.

நன்செயில் குழி தோண்டினால் என்ன ஆகும்? குழி தோண்டியவனின் நிலம் மட்டும் போகும் என்று எண்ணுவது பிழை. நெற்கழனி என்பது நீரைத் தேக்கி வைக்கும் தட்டு. பக்கத்தில் மூன்று மீட்டர்ப் பள்ளம் விழுந்தால், தேங்கிய நீர் அடிவழியே அப் பள்ளத்துக்குக் கசியும். அடுத்த நிலத்தின் எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுத் தோண்டவேண்டும் என்பது வழக்கமான நெறி. அது வரப்புச் சரியாமல் காக்கும், கசிவைக் காக்காது. அண்டைக் கழனிக்காரன் முன்பு இரண்டு நாளைக்கு ஒருமுறை நீர் விட்டவன், இப்போது நாள்தோறும் விடுவான். ‘என்ன, கிணறு இறங்கிக்கொண்டே போகிறது’ என்பான். குழி நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டாலோ, தோண்டுவோர் நீரை இறைத்து வெளியே விட்டுக்கொண்டே தோண்டுவர். சுற்றுவட்டக் கிணறுகளின் நீர் அந்த ஒரு குழியின் வழியே போய்விடும். பாகூர்ப் பகுதி கடலுக்கு அண்மையில் உள்ளது. உள்நாட்டு நீர் மட்டம் இறங்கினால் கடலுவர் உள்ளே ஏறும். உவர் ஏறிய கிணற்றை மீட்பது எளிதன்று.

நிலத்தை விற்றவனைப் பழிப்பது எளிது. அவன் நிலைமையையும் பார்க்கவேண்டும். நல்ல போகத்தில் ஓர் ஏக்கரில் முப்பது மூட்டை நெல் காணும் உழவன், உரம், கூலி, வட்டி எல்லாம் போக மீந்ததைக் கொண்டு மகளுக்கு மணம் முடிக்கவேண்டும், மகனைப் படிக்கவைக்க வேண்டும். மண் எடுப்பவன் கையில் பணத்தோடு வந்து, ‘மேல்மண்ணை மட்டுந்தான் எடுப்போம், பிறகு சமப்படுத்தித் தருவோம்’ என்கின்றான். பத்தாண்டு நெல் வருவாயை ஒரே நாளில் காட்டுகின்றான். நெல்லுக்குக் கட்டுபடியான விலை கொடாத அரசுதான் அவனை மண் விற்கத் தள்ளிற்று. மண்ணைக் காக்கவேண்டுமானால் நெல்லுக்கு விலை கொடுக்கவேண்டும். இதைச் சொல்லாமல் நிலங்காப்பைப் பற்றிப் பேசுவது நடிப்பாகும்.

இனி மாற்றிடங்களைப் பார்ப்போம் எனின், முதலில் ஒரு தடை எதிர்ப்படுகின்றது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி எழுதப்படும் ஆய்வறிக்கையில் மாற்றிடங்களை ஆராய்தல் என்பது தனி இயலாகவே வைக்கப்பட்டுள்ளது. ஆனால் கனிம அறிக்கைகள் பலவற்றில் அவ் வியல் இரண்டு வரியில் முடிந்துவிடும்: கனிமம் இருக்கும் இடத்தில்தான் அதனை எடுக்க முடியும், ஆதலால் மாற்றிடம் ஆராயப்படவில்லை! தங்கத்துக்கு இது பொருந்தும். இரும்புக்குப் பொருந்தும். ஊர் ஊராகப் பரந்து கிடக்கும் சரளைக்குப் பொருந்துமா? சரளைக்கு ஓரிடம் இல்லாவிட்டால் பத்திடம் உண்டு. மாற்றிடம் பார்க்க முடியாமை இல்லை. பார்க்க மனமில்லை, அவ்வளவே.

முதல் மாற்றிடம் ஆற்றுப்படுகை. செஞ்சியாற்றில் மணலும் கூழாங்கல்லும் உண்டு. எடுத்தால் எந்தக் கழனியும் அழியாது என்பர். இது பொய். படுகை மணல்தான் வெள்ளநீரை உறிஞ்சி இருகரைக் கிணறுகளுக்கும் ஊட்டுவது. அதை அள்ளினால் ஆறு வெறும் வடிகால் ஆகும். இவ் விடத்தைத் தள்ளிவிடலாம்.

அடுத்தது வடபுறச் செம்மண் மேடு. கழனியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இதுவே முறையான இடம் என்று தோன்றும். சரளை இயல்பாகவே இங்கிருக்கின்றது. நெல் இங்கு விளைவதில்லை. முந்திரியும் மல்லாக்கொட்டையும் புன்செய்ப் பயிர்களுமே உண்டு. ஆயினும் இம் மேட்டுக்கு இரண்டு தனித்தன்மைகள் உண்டு. அவற்றை மறந்து முடிவெடுத்தல் கூடாது. ஒன்று, மழைநீரைக் குடித்து நிலத்தடிக்கு அனுப்புவது இம் மேடே. புதுவை நகருக்குப் பிரஞ்சியர் காலத்தில் குடிநீர் தந்த முத்திரப்பாளையத்து ஊற்றுக்கு நீர் எங்கிருந்து வந்தது? மேட்டின் மீது வீழ்ந்த மழைதான் கீழே ஊற்றாயிற்று. மேட்டுச் சரளையை முழுதும் சுரண்டிவிட்டால், தாழ்நிலக் கழனியைக் குழியிலிருந்து காத்து, நீர்வறட்சிக்குக் காட்டிக்கொடுத்ததாகும். மற்றொன்று, திருவக்கரையிற் காணும் கல்மரங்கள். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடைய அவை இந்தக் கடலூர் மணற்கல் அடுக்கிலேயே கிடக்கின்றன. 1781இல் சொன்னேரா என்னும் பிரஞ்சு இயற்கை ஆய்வாளர் அவற்றைப் பதிவு செய்தார். திருவக்கரையிலுள்ளவை காக்கப்படுகின்றன. அதே அடுக்கில் பிற இடங்களில் கிடப்பவற்றைச் சரக்குந்தில் ஏற்றும்போது எவர் பார்க்கின்றார்?

ஆகவே மேட்டில் எடுக்கலாம். ஆனால் ஆழத்துக்கு எல்லை வைத்து, ஓடைத் தலைப்புகளையும் ஏரி நீர்வரத்துப் பரப்புகளையும் விலக்கி, ஏற்கனவே வெட்டிப் பாழான இடங்களையே முதலில் பயன்படுத்தி எடுக்கலாம். ஊசுட்டேரி 2008இல் பறவைக் காப்பகம் ஆக்கப்பட்டது. அதன் நீர்வரத்துப் பக்கம் கைவைத்தல் ஆகாது.

மேட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. சேதராப்பட்டு, கரசூர்ப் பக்கத்தில் சிறப்புப் பொருளியல் மண்டிலம் அமைப்பதாகச் சொல்லி எழுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை உழவரிடமிருந்து எடுத்தனர். மண்டிலம் வரவில்லை. நிலம் பல்லாண்டு வெறுமையாய்க் கிடந்தது. உழவன் கையிலிருந்து பறித்த நிலத்தை வறிதே போட்டுவிட்டு, இன்னோர் உழவனின் கழனிக்கு வந்து ‘மண் கொடு’ என்பது எந்த முறை? அரசு தன் கையிலுள்ள புன்செய் மேட்டில் எங்கே எவ்வளவு மண்ணைக் கேடின்றி எடுக்கலாம் என்று அளந்து சொல்லியபின் அன்றோ பட்டா நன்செய்ப் பக்கம் திரும்பவேண்டும்?

எல்லைக்கு அப்பால் போய்விடலாம் என்பது மூன்றாவது வழி. புதுவை அலுவலர்க்கு இது மிக எளிது. வானூர் வட்டத்தில் குழி, புதுச்சேரியில் கட்டடம். திருவக்கரைச் சுற்றுப்புறத்தில் கருங்கல் உடைத்து உடைத்து ஊரே புழுதியானது இப்படித்தான். ஊசுட்டேரிக்கு அண்மையிலுள்ள பூத்துறையில், உரிமம் பெற்ற அளவுக்கு மேல் செம்மண் எடுத்து அரசுக்கு 28 கோடி உருபாவுக்கு மேல் இழப்பு உண்டாக்கியதாக 2012இல் வழக்குப் பதிவாயிற்று. 2023இல் நடுவண் அமலாக்கத் துறையும் ஆய்வுக்கு வந்தது. குற்றம் உண்டா இல்லையா என்பது மன்றத்தின் பாடு. குழி அங்கே இருக்கின்றது. அதை மன்றம் நிரப்பாது. பூத்துறையானும் தமிழன், பாகூரானும் தமிழன். பிரஞ்சியன் போட்ட கோட்டுக்கு அப்புறம் தள்ளிவிட்டு ‘கழனியைக் காத்தோம்’ என்பது தமிழனைக் கொண்டு தமிழனை ஏய்ப்பதாகும். மாற்றிடம் என்றால் தீங்கு குறைந்த இடம். கண்ணுக்கு மறைந்த இடம் அன்று.

குழியே இல்லாத மாற்றும் உண்டு. பாகூருக்கு நூறு கிலோமீட்டருக்குள் நெய்வேலி இருக்கின்றது. அனல்மின் நிலையச் சாம்பலை, அந் நிலையத்துக்கு 300 கிலோமீட்டருக்குட்பட்ட சாலைப் பணிகளில் பயன்படுத்த வேண்டும் என்று நடுவண் அரசே அறிவிக்கை செய்துள்ளது. சாலைக் கரையின் உள்வயிற்றைச் சாம்பலால் நிரப்பி மேலேயும் பக்கத்திலும் மண்ணால் மூடலாம். அதிலும் விழிப்பு வேண்டும். சாம்பலில் நஞ்சுப் பொன்மங்கள் சிறிதளவு உண்டு. நீர் தேங்கும் இடத்தில், ஏரிக்கரை ஓரத்தில் கொட்டுதல் தவறு. இடித்த கட்டடங்களின் செங்கல், கற்காரைச் சிதைவுகளைப் பொடித்துப் பயன்படுத்த 2016ஆம் ஆண்டு நெறிகள் வழி செய்துள்ளன. புதுவை நகரின் இடிபொருள்களைச் சதுப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் கொட்டிவிட்டுப் பாகூரில் புதுமண் வெட்டுவது எத்தகைய அறிவு! இவ் விரண்டாலும் தேவை முழுதும் தீராது. பாதி குறைந்தாலும் பாதிக் கழனி பிழைக்கும்.

பாகூர் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரியும் இருக்கின்றது. பிரஞ்சியர் 1880களில் கிணறு துளைத்தபோதே அது தென்பட்டது. புதுச்சேரிப் பகுதியின் இருப்பு 41 கோடி டன்னுக்கு மேல் என்பது நில நூல் துறையின் கணக்கு. சரளைக்கே நன்செயை விட்டுக்கொடுத்த ஊர், நாளை நிலக்கரிக்கு மறுப்புச் சொல்ல எந்த வாயைத் திறக்கும்? 2023 சூலையில் கடலூர் மாவட்டத்து வளையமாதேவியில், கதிர் முற்றும் முன்னே நெற்பயிரின் மீது மண்வாரிப் பொறிகளை ஓட்டியதை நாடே பார்த்தது. ‘நிலம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது’ என்பதே அங்குச் சொல்லப்பட்ட மறுமொழி.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஐந்து எக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் ஒப்புதல் வேண்டும் என்று 2012 பிப்பிரவரி 27இல் தீபக் குமார் வழக்கில் உச்சநயன்மன்றம் ஆணையிட்டது. பெருங்குழியைத் துண்டு துண்டாகக் குத்தகை எடுத்து ஒப்புதலின்றித் தப்பியதே அதற்குக் காரணம். பிறகு, 2020 மார்ச்சு 28இல், நாடே நோய்க்கு அஞ்சிக் கதவடைத்திருந்த நான்காம் நாள், சாலை முதலிய நீள்பணிகளுக்கு மண் எடுக்க முன் ஒப்புதலே வேண்டா என்று நடுவண் அரசு அறிவிக்கை போட்டது. மக்கள் கருத்தைக் கேட்கவும் இல்லை. அதனை 2024 மார்ச்சு 21இல் உச்சநயன்மன்றம் நீக்கியது. அந்த நான்காண்டில் வெட்டிய மண்ணைத் தீர்ப்பு திருப்பிக் கொணருமா?

அறிக்கைகளோ ஆங்கிலத்தில். சுருக்கம் மட்டும் தமிழில் வரும். அதுவும் உழவனுக்கு விளங்காத தமிழ். 2020இல் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கையை எட்டாம் பட்டியல் மொழிகளிலெல்லாம் பெயர்க்கவேண்டும் என்று தில்லி உயர்நயன்மன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. தன் நிலத்தின் நீரோட்டத்தைப் பற்றிய வரைபடத்தைத் தமிழன் தன் மொழியிற் காணமுடியாமல், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எந்தக் கருத்தைச் சொல்வான்? அங்கே கைதட்டவும் தலையாட்டவுமே அவன் அழைக்கப்படுகின்றான்.

பழஞ்சேர நாடாகிய கேரளம் 2008இல் நெல்வயல், ஈரநிலக் காப்புச் சட்டம் செய்தது. ஊர்தோறும் ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், ஊர் அலுவலர், உழவர் மூவர் அடங்கிய குழு வயலைக் கண்காணிக்கும். அச் சட்டத்தையும் வளைக்கப் பலர் முயன்றனர். இருந்தும் வயலை மூடவேண்டுமானால் ஒரு குழுவின் முன் நிற்கவேண்டும் என்னும் அச்சம் அங்கு உண்டு. புதுச்சேரியில் அப்படிக் குழு அமைக்கத் தலைவர் எங்கே? 1968க்குப் பின் 38 ஆண்டு கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அவர்கள் காலம் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் நடவாமற் போயிற்று. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பேராளர்கள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்திய ஒன்றியத்தோடு இணைய இசைந்தனர், எண்மர் மறுத்தனர். அன்று ஒரு நாட்டோடு இணைவதா வேண்டாவா என்று முடிவு சொன்ன ஊர்கள், பின்னாளில் தம் ஊர்க்குழி ஒன்றை ஏற்பதா தள்ளுவதா என்று சொல்லவும் பேராளரின்றி நின்றன.

ஆதலால் இப்போது செய்யத்தக்கவை சில. ஊர்தோறும் நன்செய்க் கணக்கெண்களைக் கொண்ட பட்டியலை உழவரே தமிழில் எழுதிவைக்க வேண்டும். பழங்குழிகள் எத்தனை, எவ்வளவு ஆழம், எவற்றில் நீர் நிற்கின்றது என்பதையும் அதில் குறிக்கவேண்டும். புதுக்குழிக்கு உரிமம் கேட்பவர், செம்மண் மேடு, அரசு தரிசு, பழங்குழி, நெய்வேலிச் சாம்பல், இடிபொருள் இவை ஒவ்வொன்றும் ஏன் ஆகாது என்று எழுத்தில், தமிழில் சொல்லவேண்டும் என்று கேட்கவேண்டும். ‘இருக்குமிடத்தில்தான் எடுக்கமுடியும்’ என்னும் இரண்டு வரியை ஏற்றல் கூடாது. கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு இருமுறை, கோடையில் சித்திரையிலும் மழை ஓய்ந்தபின் தையிலும், கயிறு விட்டு அளந்து நாளிட்டு எழுதிவைத்தல் வேண்டும். குழி வந்தபின் ‘நீர் இறங்கிவிட்டது’ என்று முறையிட்டால், ‘முன்பு எவ்வளவு இருந்தது?’ என்றுதான் முதலில் கேட்பர். அதற்குக் காட்டக் கையில் ஒரு சுவடி இருக்கட்டும். வரும் சித்திரையிலேயே தொடங்கலாம்.